இரண்டு நாள் ஆயுசு

டியூட்டி ரோஸ்டர் வந்ததும் நான் முதலில் தேடுவது, அடுத்தடுத்து இரண்டு நாள் ஆஃப் எங்கே விழுந்திருக்கிறது என்பதைத்தான். அந்த இரண்டு நாள் மட்டும்தான் என் நகங்களுக்கு நிறம். மற்ற நாளெல்லாம் ஒட்ட வெட்டிய வெறும் நகம். நர்ஸ் வேலையில் அதுதான் முறை. நோயாளிகளை நேரடியாகத் தொட்டுப் பராமரிப்பவர்கள் செயற்கை நகம் வைக்கக் கூடாது, சொந்த நகமும் அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட கை சுகாதார வழிகாட்டுதல் சொல்கிறது. எங்கள் வார்டில் நெயில் பாலிஷும் கிடையாது. புதிதாகப் போட்ட பாலிஷால் கிருமி கூடுவதில்லை. ஆனால் ஓரம் பெயர ஆரம்பித்துவிட்டால் கிருமிகள் அங்கே அதிகமாகச் சேர இடமுண்டு. யாருடைய பாலிஷ் எப்போது பெயரும் என்று யார் பார்த்துக்கொண்டிருப்பது? அதனால் யாருக்கும் வேண்டாம் என்பது நியாயமான விதி. எனக்கு அதில் மனக்குறை துளியும் இல்லை.

"ரெண்டு நாள்ல துடைக்கப் போறதுக்கு எதுக்குடி இவ்வளவு மெனக்கெடறே?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்பார்கள். வீட்டிலும் அதே கேள்விதான். இந்தப் பதிவு அவர்களுக்கான நீளமான பதில்.

நகத்தில் கோலம் போடும் இந்தக் கலையை எனக்கு அறிமுகப்படுத்தியவர் ஆப்பரேஷனுக்குக் காத்திருந்த ஒரு வயதான அம்மா. தியேட்டருக்கு அனுப்புவதற்கு முன்னால் நோயாளியின் நகத்தில் பாலிஷ் இருந்தால் துடைக்க வேண்டும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை வைத்து ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் கணக்கிடுகிறது. கருப்பு, அடர் நீலம், பச்சை மாதிரி நிறங்கள் அந்த அளவைக் கொஞ்சம் குறைத்துக் காட்டலாம். நகத்தின் அடியிலுள்ள சதை சிவப்பாக இருக்கிறதா, நீலம் பாய்கிறதா என்று மயக்க மருந்து டாக்டர் கண்ணால் பார்ப்பதற்கும் வெறும் நகம் வேண்டும்.

அந்த அம்மாவின் பத்து விரலிலும் வெளிர் நீலம். மோதிர விரலில் மட்டும் வெள்ளையில் ஒரு பூ, ஐந்து இதழ், நடுவில் மஞ்சள் புள்ளி. பஞ்சும் ரிமூவருமாகக் கையைப் பிடித்தவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதழ் ஒவ்வொன்றும் ஒரே அளவு. நடுப்புள்ளி லேசாக மேடு தட்டி, மேல்கூரை விளக்கின் வெளிச்சம் அதில் ஊசிமுனை அளவுக்கு மின்னியது.

"யாரும்மா போட்டு விட்டாங்க?"

"நானேதான் கண்ணு. தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனா இருக்கில்ல, அதோட முனை. அஞ்சு புள்ளி, நடுவுல ஒண்ணு. அவ்வளவுதான்."

"துடைக்கக் கஷ்டமா இருக்கும்மா."

"துடை துடை. வீட்டுக்குப் போனதும் வேற போடறேன். அடுத்தது என்னன்னு ஏற்கெனவே யோசிச்சு வெச்சிருக்கேன்."

அடுத்தது என்ன என்று அவர் சொல்லவில்லை. நான் அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து போய் ஒரு பழைய பேனாவைத் தேடி எடுத்தேன்.

புள்ளியிலிருந்து தொடங்கியது நல்லதாகப் போயிற்று. இந்தக் கலையில் எல்லாமே புள்ளிக்குள் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. பாலிஷை ஒரு பிளாஸ்டிக் தாளில் ஒரு சொட்டு விட்டு, பேனா முனையை அதில் தொட்டு, நகத்துக்கு நேர் செங்குத்தாக இறக்க வேண்டும். அழுத்தக் கூடாது. முனை நகத்தைத் தொடுவதற்கு முன்பே சொட்டு நகத்தைத் தொட்டுவிடும், தானாக வட்டமாகப் பரவும். முனையைச் சாய்த்தால் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். ஒருமுறை தோய்த்து மறுபடி தோய்க்காமல் வரிசையாக வைத்துக்கொண்டே போனால் புள்ளிகள் ஒன்றைவிட ஒன்று சிறிதாகும். நகத்தின் அடியிலிருந்து நுனி வரை இப்படி வைத்தால் பெரிதிலிருந்து பொடிப்பொடியாகக் குறைந்துகொண்டே போகும் ஒரு கோலம் கிடைக்கிறது. ஈரமான இரண்டு புள்ளிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஊசிமுனையால் இரண்டையும் கீழ்நோக்கி இழுத்து ஒரே இடத்தில் சேர்த்தால் இதயம். வேறு நிறப் புள்ளியை ஈரமான புள்ளிக்கு நடுவில் வைத்து ஒரே இழுப்பு இழுத்தால் இலை. பிறகு இரண்டு பக்கமும் வேறுவேறு அளவு குண்டு முனையுள்ள டாட்டிங் டூல் வாங்கினேன். ஆனாலும் மிகச் சின்னப் புள்ளிகளுக்கு இன்னமும் அந்தப் பேனாதான்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கை உண்மையில் பழகியது. சாதாரண நெயில் பாலிஷின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். ஒரு காலத்தில் சினிமா ஃபிலிம் செய்ததும், கார்களுக்கு லேக்கர் பெயிண்ட் செய்ததும் இதிலிருந்துதான். அதை எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் என்ற கரைப்பான்களில் கரைத்து, பளபளப்புக்கும் பிடிப்புக்கும் ரெசின், வளைந்து கொடுக்க பிளாஸ்டிசைசர், நிறத்துக்கு நிறமி எல்லாம் சேர்க்கிறார்கள். பூசியதும் கரைப்பான் ஆவியாகிப் பறந்துவிடுகிறது, மிச்சமிருப்பது படலமாக நிற்கிறது. வேதிவினை எதுவும் இல்லை, வெறும் உலர்தல்தான்.

இது புரிந்தால் பல விஷயங்கள் தாமாகப் புரிந்துவிடும். ஒருமுறை முழுக்கப் பூசுவதுதான் ஒரு கோட். இரண்டாவது கோட்டில் இருக்கும் கரைப்பான் முதல் கோட்டை மறுபடி இளக்கும். அதனால்தான் அரைகுறையாக உலர்ந்த இடத்தில் பிரஷ்ஷைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் அடியில் இருப்பதும் சேர்ந்து உரிந்து வருகிறது. நடுவில் ஒரு இழுப்பு, பக்கத்துக்கு ஒன்று, அத்தோடு கையை எடுத்துவிட வேண்டும். திட்டுத்திட்டாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, அடுத்த கோட்டில் சரியாகும். கனமாக ஒரே கோட் போட்டால் மேல்பக்கம் தோல் கட்டிக்கொள்ளும், அடியில் மாட்டிய கரைப்பான் வெளியேற வழியில்லாமல் நிற்கும். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், தூங்கி எழுந்தால் போர்வையின் நெசவு நகத்தில் அச்சாகப் பதிந்திருக்கும். மெல்லிய மூன்று கோட்டுக்கு ஆகும் நேரம் எனக்கு வீணான நேரமே இல்லை. ஆறு மணி நேரம் வார்டில் நடந்துவிட்டு வருகிறவளுக்கு, எதையும் தொடாமல் சும்மா உட்கார்ந்திருக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

பாட்டிலில் ஒருவிதக் களிமண்ணும் உண்டு. அசையாமல் வைத்தால் பாலிஷ் கெட்டியாக நிற்கும், குலுக்கினாலோ பிரஷ்ஷால் இழுத்தாலோ இளகி ஓடும். நிறமி அடியில் தங்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. குலுக்கும்போது கேட்கும் கிணுகிணு சத்தம் உள்ளே கிடக்கும் எஃகு குண்டுகளுடையது. நாள்பட்டுக் கெட்டியான பாலிஷில் ரிமூவரை ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். அது படலத்தின் கட்டுமானத்தையே கெடுத்துவிடும். தின்னர் என்று தனியாக விற்கிறார்கள். உள்ளே இருக்கும் அதே அசிட்டேட்டுகள்தான் அதிலும். சில சொட்டு போதும், பழைய பாட்டில் மறுபடி உயிர்பெறும்.

தண்ணீர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். நகம் தண்ணீரை நன்றாகக் குடிக்கும், குடித்தால் விரியும். விரிந்த நகத்தின் மேல் பூசினால், அது காய்ந்து சுருங்கும்போது மேலே இருக்கும் படலம் பிடிப்பை விட்டுவிடும். அதனால் பாத்திரம் கழுவிய கையோடும் குளித்த கையோடும் நான் உட்காருவதில்லை. நன்றாக உலர்ந்த பிறகு ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒவ்வொரு நகத்தையும் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பேன். ஊசி போடுவதற்கு முன் தோலைத் துடைத்துப் பழகிய கை, அதே அசைவுதான். பிறகு பேஸ் கோட், அதாவது நிறத்துக்கு முன் போடும் அடிப்பூச்சு. நிறம் நகத்தில் கறையாக ஏறாமல் இருப்பதற்கு அது அவசியம், சிவப்புக்கும் நீலத்துக்கும் ரொம்ப அவசியம். எல்லாவற்றுக்கும் மேல் கடைசிப் பூச்சாக டாப் கோட் போடும்போது நுனி விளிம்பையும் ஒரு இழுப்பு மூடிவிட வேண்டும். முதலில் பெயர்வது அந்த இடம்தான்.

நகத்தின் வேர்ப்பக்கம் இருக்கும் தோல்மடிப்பை வெட்டாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். நகத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் மெல்லிய செத்த தோல்தான் க்யூட்டிகிள், அதை மெதுவாகத் தள்ளலாம். அதற்குப் பின்னால் இருப்பது உயிருள்ள தோல், நகத்தின் வேருக்குக் கிருமி போகாமல் அடைத்து நிற்கும் கதவு. அதை வெட்டிவிட்டு நகச்சுத்து வந்து, சீழ் கட்டி, விண்விண்ணென்று தெறிக்கும் விரலோடு வருகிறவர்களை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். பாலிஷும் அந்தத் தோலைத் தொடாமல் ஒரு மயிரிழை இடைவெளி விட்டுத் தொடங்கினால் அழகு கூடும், தோலில் ஏறிய பாலிஷோடு சேர்ந்து உரியவும் செய்யாது.

வலது கைக்காரர்கள் வலது கைக்குப் போடுவது எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். இடது கையை மேஜையில் ஊன்றி, பிரஷ்ஷை அசையாமல் பிடித்துக்கொண்டு, வலது விரலை அதற்குக் கீழே திருப்புங்கள். பிரஷ் போகவேண்டிய வளைவை விரல் போகட்டும். ஓரத்தில் வழிந்ததை ரிமூவரில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் சுற்றி எடுத்துவிட்டால் கோடு சுத்தமாக வந்துவிடும்.

ஒரு காலத்தில் பாலிஷ்கள் பெரும்பாலும் சாயத்தால் நிறம் ஏற்றப்பட்டவை, நகம் அடியில் தெரியும். 1932-இல் ரெவ்லான் கம்பெனியைத் தொடங்கிய ரெவ்சன் சகோதரர்களும் வேதியியலாளர் சார்லஸ் லாக்மனும் சாயத்துக்குப் பதிலாக, கரையாத நிறத்துகளான நிறமியைப் பயன்படுத்தினார்கள். நகத்தை முழுக்க மறைக்கும் அடர்த்தியான நிறங்கள் பரவியது அங்கிருந்துதான். அந்தக் காலகட்டத்தில் நகத்தின் அடியிலிருக்கும் வெள்ளைப் பிறையை வெறுமையாக விட்டு மீதியை மட்டும் பூசுவது பெரிய நாகரிகம். அதை எனக்கு நிரம்பப் பிடிக்கும். பிறையின் வளைவுக்கு ஒட்டி ஒரே மூச்சில் சிவப்புக் கோடு இழுப்பதில் இருக்கும் நிறைவு எந்த ஸ்டிக்கரிலும் வராது.

அடர்த்தியான நிறமி இல்லாமல் அடி தெரிகிற பாலிஷை இப்போது ஜெல்லி என்கிறார்கள். என் அலமாரியில் பாதி அதுதான். ஜெல்லி ஒரு கோட், மேலே மினுக்குத் துகள், அதற்கு மேல் மறுபடி ஜெல்லி. துகள்கள் வேறுவேறு ஆழத்தில் மிதப்பதுபோல் தெரியும். மொத்தத் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட வராது, ஆனாலும் எட்டிப் பார்க்கலாம்போல அதில் ஓர் ஆழம் இருக்கும். ஹோலோ பாலிஷில் துகள்கள் மேல் கண்ணுக்குத் தெரியாத பள்ளக்கோடுகள் உண்டு, அவை வெளிச்சத்தை வானவில்லாகப் பிரிக்கும். குழல்விளக்கில் சாம்பல் நிறமாகக் கிடக்கும் நகம், ஜன்னல் பக்கம் போனதும் தீப்பற்றியதுபோல் எழும்.

காந்த பாலிஷைத்தான் நான் ஒருமுறையாவது எல்லோருக்கும் காட்ட ஆசைப்படுகிறேன். அதில் இரும்பு கலந்த துகள்கள் இருக்கும். ஈரமாக இருக்கும்போதே ஒரு குட்டிக் காந்தத்தை நகத்தில் படாமல், ஓரிரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் பிடிக்க வேண்டும். முதல் நொடியில் எதுவும் நடக்காது. பிறகு மங்கலான பச்சைக்குள் எங்கிருந்தோ ஒரு வெளிச்சக் கோடு திரண்டு வரும், இரண்டு ஓரமும் இருளும், கோடு கூர்மையாகும். காந்தத்தைச் சாய்த்தால் கோடும் சாய்ந்து நகரும். எடுத்துவிட்டால் துகள்கள் மெல்லத் திரும்பிக் கலைந்து கோடு மங்கும். அதனால் டாப் கோட் போட்டதும் இன்னொரு முறை பிடித்து நிறுத்துவேன். விரலை அசைத்தால் பூனைக்கண் மாதிரி அந்தக் கோடு நகத்துக்குள் உருளும்.

ஸ்டாம்பிங்கும் கொஞ்ச காலம் செய்தேன். உலோகத் தகட்டில் செதுக்கிய கோலத்தில் பாலிஷ் தடவி, வழித்து, சிலிக்கோன் ஸ்டாம்பரால் எடுத்து நகத்தில் ஒற்றுவது. நுணுக்கம் அபாரம், மனிதக் கை அவ்வளவு மெல்லிய கோடு போட முடியாது. ஆனால் என் மனசு கையால் போடுவதில்தான் நிற்கிறது.

ஜெல் பாலிஷ் பற்றி ஒரு வார்த்தை, இதை நர்ஸாகச் சொல்கிறேன். அது உலர்வதில்லை. புற ஊதா அல்லது எல்.இ.டி. விளக்கில் அதிலுள்ள அக்ரிலேட் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியாகின்றன. பிணையாத ஈர ஜெல் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுவதும் தங்கிவிடலாம். பிறகு பல் அடைக்கும் பொருள், எலும்பு சிமென்ட், சர்க்கரை அளக்க உடம்பில் ஒட்டும் சென்சார் என்று அக்ரிலேட் உள்ள மருத்துவப் பொருட்களும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பிரிட்டிஷ் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. விளக்கொளியில் கெட்டியாவதற்காக ஜெல்லில் சேர்க்கப்பட்ட டி.பி.ஓ. என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருட்களில் தடை செய்துவிட்டது. பயிற்சி பெற்றவர், சரியான விளக்கு, தோலில் படாத வேலை என்றால் அது வேறு. வீட்டில் ஒரு கம்பெனி ஜெல்லை இன்னொரு கம்பெனி விளக்கில் காட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். மேலே கெட்டியாகத் தெரியும், உள்ளே வேகாமல் இருக்கும். போட்டு இரண்டு நாளில் எடுக்கிற எனக்கு அது தேவையும் இல்லை.

எடுப்பதும் எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் ஒரு பாதி. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வேன், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது, அசிட்டோன் சட்டென்று பற்றிக்கொள்ளும். நனைத்த பஞ்சை நகத்தின் மேல் அழுத்திக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்து, நுனியை நோக்கி ஒரே இழுப்பு. தேய்க்கத் தேவையே இல்லை. மினுக்குத் துகள் என்றால் பஞ்சின் மேல் அலுமினியத் தாளைச் சுற்றிச் சில நிமிஷம் விட வேண்டும். அல்லது முன்கூட்டியே உரிக்கக்கூடிய பேஸ் கோட் போட்டுவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் முழு நகமும் ஓடுபோல் கழன்று வரும். நீண்ட நாள் நிற்காது என்று அதைக் குறை சொல்வார்கள், என் கணக்குக்கு அதுவே சௌகரியம். துடைத்ததும் விரல்களுக்கு எண்ணெய். அசிட்டோன் நகத்தையும் தோலையும் வறட்டிவிடும்.

வெறும் நகத்தை அந்த நேரத்தில் நன்றாகப் பார்ப்பேன். கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்கிறது, வேரிலிருந்து நுனி வரை புதிதாக வர ஆறு மாதம் ஆகும். கடுமையான காய்ச்சல் வந்து போனவர்களின் நகங்களில் சில வாரம் கழித்துக் குறுக்கே ஒரு பள்ளம் தெரியும். அது வேரிலிருந்து எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் எப்போது படுத்திருந்தார்கள் என்று உத்தேசமாகச் சொல்லிவிடலாம். வெள்ளைப் புள்ளிகள் கால்சியம் குறைவினால் வருவதில்லை, பெரும்பாலும் நகத்தின் வேரில் எப்போதோ பட்ட சின்ன அடிதான். இதெல்லாம் பாடத்தில் படித்தவைதான். ஆனால் நோயாளிகளின் நகத்தை நான் நிதானமாகப் பார்க்கத் தொடங்கியது இந்தப் பாட்டில்கள் என் மேஜைக்கு வந்த பிறகுதான்.

இவ்வளவு வேலையையும் துடைக்கும்போது வலிக்காதா என்றால், வலிப்பதில்லை. நான் இதை வைத்துக்கொள்வதற்காகச் செய்வதில்லை. நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் நேரம், மூச்சைப் பிடித்துக் கோடு இழுக்கும் நேரம், மூன்றாவது கோட் காயும்வரை கை இரண்டையும் விரித்து வைத்துக்கொண்டு வேறொன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்கும் நேரம், இவைதான் எனக்கு வேண்டியவை. அழியாமல் இரண்டு வாரம் நின்றிருந்தால் நான் இரண்டு வாரத்துக்கு ஒரு பூதான் போட்டிருப்பேன். அழிவதால்தான் கை வளர்ந்தது. ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து, எந்த பாட்டில் எத்தனை கோட் என்று நோட்டில் எழுதி வைக்கிறேன்.

போன வாரம் எங்கள் வார்டில் புதிதாகச் சேர்ந்த பெண் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, "அக்கா, முதல்ல என்ன வாங்கணும்?" என்று கேட்டாள். பேஸ் கோட், டாப் கோட், நல்ல வெள்ளை ஒன்று, மனசுக்குப் பிடித்த அடர் நிறம் ஒன்று, தீர்ந்துபோன ஒரு பேனா என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த ரோஸ்டரில் எங்கள் இருவருக்கும் ஒரே நாள் ஆஃப் விழுந்திருக்கிறது. அவள் இடது கைக்காரி, அதனால் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றி நானே ஒருமுறை செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.